பன்னிரண்டு ஸ்டோன் பட்டம் பிறந்த மத்தியானம்

அன்று மத்தியானம் அந்தப் பப்பின் மேல்மாடி அறையில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். குத்துச்சண்டை வாரியத்தின் பரிசோதகர் மிஸ்டர் க்ரீவ் தராசுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வாரியம் அனுப்பிய டொக்டர் அம்மா யன்னலோரம் நின்றார். எங்கள் பயிற்சியாளர் மிஸ்டர் டோபின், தோளில் துவாயோடு. இடுப்பில் ஒரு துவாயைத் தவிர வேறொன்றும் இல்லாமல் எங்கள் வீரர் யூட் அண்ணை. ஒரு கல்யாண விருந்து வருகிறது, அறையைக் கெதியாக விடவேண்டும் என்று கதவைப் பிடித்தபடி நினைவூட்டிக்கொண்டிருந்த பப்காரி. பிறகு நான்.

வராதவர்களையும் சொல்லவேண்டும். அன்று இரவு யூட் அண்ணையோடு மோதவேண்டிய லெஸ் இன்னும் வந்து சேரவில்லை. சண்டையை ஒழுங்கு செய்த புரமோட்டர் வரவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவரும் இல்லை. யூட் அண்ணையின் மனைவி ரெஜினா அக்கா இனி எந்தத் தராசுக்கும் கிட்ட வரமாட்டேன் என்று முதலே சொல்லியிருந்தார். வெல்பவருக்குக் கட்டவேண்டிய பெல்ட்டும் வரவில்லை. அது இன்னும் செய்யப்படவே இல்லை.

இங்கிலாந்தின் தென்பகுதியில் பன்னிரண்டு ஸ்டோன் எடைக்கு ஒரு சம்பியன் பட்டம் முதன்முதலாக உண்டான நாள் அது. அதைப் பார்க்க அவ்வளவு பேர்தான் வந்திருந்தோம்.

லண்டனின் வடக்கே கிங்ஸ்பரியில் இயங்கும் எங்கள் இளைஞர் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் இப்போது கையுறை போடுகிறவன். "அங்கிள், ட்வெல்வ் ஸ்டோன் எண்டது எப்பவும் இருந்த வெயிட்தானே?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் பெயருக்கு முன்னால் 'ஓய்வு பெற்ற' என்று போடப்போவதாகவும் சொன்னார்கள். முப்பத்தாறு வயதுக்காரனுக்கு அப்படிப் போட்டால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். குத்துகளை வாங்கும் பயிற்சி மெத்தைகளைக் கையில் பிடித்துப் பிடித்தே என் வலது தோள் மூட்டுத் தேய்ந்துவிட்டது. போதும் என்றார் டொக்டர். மூலைக்காரனுக்கான அனுமதி அட்டையை வாரியத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மூலைக்காரன் என்றால், ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுத் தொடங்கும் முன் கிடைக்கிற ஒரு நிமிடத்தில் கயிற்றுக்குள் ஏறி வீரருக்குத் தண்ணீர் கொடுப்பவன், வெட்டுக் காயத்தைப் பொத்துபவன், வாளி தூக்குபவன். அந்த வேலைக்கு நான் வந்தது ஒரு தற்செயல். அப்பா யாழ்ப்பாணத்தில் சுருட்டுச் சுற்றியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். உயிரியல் படித்தேன். டொக்டராக வருவான் என்று ஊரே சொன்னது. நான் அகதியாக வந்து, லண்டனின் தெற்கே மிச்சம் என்ற ஊரில் ஒரு வீட்டின் சின்ன அறையில் குடியேறினேன். அதே வீட்டின் பெரிய அறையில்தான் மன்னாரைச் சேர்ந்த யூட் அண்ணையும் ரெஜினா அக்காவும் கைக்குழந்தையோடு இருந்தார்கள். பள்ளிக்கூடக் காலத்திலேயே குத்துச்சண்டை பழகியவர் யூட் அண்ணை. இங்கே பகலில் மொத்தக் கடை ஒன்றில் அரிசி மூட்டை இறக்கினார், பின்னேரம் ஜிம்முக்குப் போனார். ஒருநாள், "தம்பி, உமக்கு உடம்பைப் பற்றித் தெரியும்தானே, வாரும்," என்று கூட்டிக்கொண்டு போனார். முதல் வருடம் நிலம் துடைத்தேன். அடுத்த வருடம் வாளி தூக்கினேன். பிறகு வீரர்களின் எடையைப் பார்க்கும் பொறுப்பு என் கைக்கு வந்தது. பயிற்சிக் காலம் என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

அந்த ஜிம் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே இருந்தது. அதன் சொந்தக்காரர்தான் மிஸ்டர் டோபின். பகலில் அவருக்குக் குழாய் வேலை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உள்ளே வருகிறவனுக்கு வணக்கம் சொல்லமாட்டார். "எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார். எடையைத்தான் கேட்கிறார். எடையைச் சொன்னால் அதுவே நாங்கள் சொல்லும் வணக்கம். அந்த எண் அவருக்குப் பிடித்தால் துவாயை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றுவார். பிடிக்காவிட்டால் துவாய் இருந்த இடத்திலேயே இருக்கும். புகழ்ச்சி, ஏச்சு எல்லாம் அவ்வளவுதான்.

அவரிடம் ஒரேயொரு சட்டம் இருந்தது. எடை பார்க்கும் நாளில், இன்னும் தராசில் ஏறாத ஒருவன் முன்னால் வேறு எவனும் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. அவரும் வைக்கமாட்டார், தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவன் மறந்துபோய்ச் சுவிங்கம் மென்றுகொண்டு நின்றான். மிஸ்டர் டோபின் அவன் முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினார். அவன் அந்தக் கையிலேயே துப்பினான். அவர் அதைக் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, "எவ்வளவு?" என்று அடுத்தவனைக் கேட்டார்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். நான் சேர்ந்த காலத்தில் நடுத்தர எடை பதினொரு ஸ்டோன் ஆறு இறாத்தலோடு முடிந்தது. அதற்கு அடுத்தது பன்னிரண்டு ஸ்டோன் ஏழு. ஒரு ஸ்டோன் பதினாலு இறாத்தல் (ஆறேகால் கிலோவுக்குச் சற்று மேல்), ஆகவே இரண்டுக்கும் நடுவில் பதினைந்து இறாத்தல் வெளி. யூட் அண்ணை மூன்று வேளை சாப்பிட்டு, நன்றாக நித்திரை கொண்டு எழும்பினால் சரியாகப் பன்னிரண்டு ஸ்டோன் இருப்பார். அந்த எடைக்கு அப்போது இந்த நாட்டில் பட்டமே இல்லை. மேல் எடைக்குப் போனால் தன்னைவிடப் பெரிய எலும்பு உள்ளவர்களிடம் அடி வாங்கவேண்டும். கீழே போவதென்றால் காயவேண்டும்.

காய்வது என்பது கொழுப்பைக் குறைப்பதல்ல, உடம்பிலுள்ள தண்ணீரை வெளியே எடுப்பது. கடைசி வாரம் உப்பை நிறுத்துவோம். பிறகு குடிக்கிற தண்ணீரை ஒவ்வொரு நாளும் பாதியாக்குவோம். குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு அணிந்து, அதற்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக் கயிறு அடிக்கவேண்டும். தோலில் வியர்வை நின்றால் அடுத்த வியர்வை வராது. அதனால் சீப்பின் முதுகால் நான் வழித்து வழித்து எடுப்பேன். கடைசி நாள் வாய் கொப்பளிக்கலாம், விழுங்கக்கூடாது. கடைசியாக, தாங்கக்கூடிய அளவு சூடான குளியல்.

யூட் அண்ணையின் குடும்பத்துக்கு மன்னாரில் மீன் காயப்போடுகிற கருவாட்டு வாடி இருந்தது. "எங்கடை வாடியிலையும் இதைத்தான் செய்யிறது," என்பார். "ஆனா தம்பி, மீன் செத்தாப்பிறகுதான் காயப்போடுவினம்."

இந்தப் பகிடி ஒருநாள் நின்றுபோனது.

பதினொன்று ஆறில் ஒரு முக்கியமான சண்டை. அந்தக் காலத்தில் எடை பார்ப்பதும் சண்டையும் ஒரே நாளில்தான், மத்தியானம் தராசு, இரவு மேடை. அன்று காலையில் மிச்சம் வீட்டுக் குளியலறையில் யூட் அண்ணை சுடுதண்ணீருக்குள் கிடந்தார். நான் கழிப்பறை மூடியில் உட்கார்ந்து அவருடைய கழுத்து நாடியைப் பிடித்திருந்தேன். கதைக்கப் பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சொல் வரவில்லை. பிறகு ஒரு கால் தானாக மடங்கி இழுத்தது. வயோதிபர் இல்லத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்த ரெஜினா அக்கா கதவைத் தள்ளினார்.

"தம்பி, இவருக்கு என்ன?"

"ஒண்டுமில்லை அக்கா. இன்னும் ஒரு இறாத்தல்தான்."

"நான் இறாத்தல் கேக்கேல்லை. ஆள் எப்பிடி இருக்கிறார் எண்டு கேட்டனான்."

நாங்கள் இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி வெளியே எடுத்தோம். ஈரத் துணியைப் போல இருந்தார். ஆனாலும் மத்தியானம் தராசில் ஏறினார். பதினொன்று ஆறு சரியாக வந்தது. மிஸ்டர் டோபினின் துவாய் இடம் மாறவில்லை. அதை அப்போது நான் கவனித்தேன்.

இரவு ஐந்தாம் சுற்றில், ஒரு குத்தும் படாமலே யூட் அண்ணை விழுந்தார். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. நடுவர் பத்துவரை எண்ணி முடித்தபோதும் அவர் காலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். போத்தலில் எடுத்த சிறுநீர் பால் விடாத தேத்தண்ணியின் நிறத்தில் இருந்தது. சிறுநீரகம் இந்த முறை பிழைத்துக்கொண்டது, அடுத்த முறைக்குத் தன்னால் உறுதி தரமுடியாது என்றார் அங்கிருந்த டொக்டர்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ரெஜினா அக்கா மிஸ்டர் டோபினையும் என்னையும் சேர்த்து நிறுத்தினார். தமிழில்தான் கதைத்தார். மிஸ்டர் டோபினுக்கு விளங்கவேண்டியது விளங்கியது.

"சண்டை பிடிக்கவேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. அது அவற்றை விருப்பம். ஆனா பதினொண்டு ஆறுக்கு இனி ஒருக்கா இறங்கினாரெண்டா, நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கிங்ஸ்பரியிலை அக்கா வீட்டை போறன். பேந்து திரும்பி வரமாட்டன்."

யூட் அண்ணை கட்டிலில் கிடந்து இதைக் கேட்டார். அவர் சொன்னது ஒன்றுதான். "அவ சொன்னா செய்வா."

பன்னிரண்டு ஸ்டோன் வந்தது அதற்குப் பிறகு. அமெரிக்காவில் அந்த எடையில் சில வருடங்களாகப் பட்டச் சண்டைகள் நடந்துகொண்டிருந்தன. இங்கே ஏற்கப் பிந்தியது. கடைசியில் வாரியம் ஒத்துக்கொண்டபோதும் ஜிம்காரர்கள் அதை மதிக்கவில்லை. பாதி எடைக்குப் பாதிச் சம்பியன் என்று பகிடி பண்ணினார்கள். ஒருவரும் அந்த எடைக்கு இறங்கவோ ஏறவோ விரும்பாததால் எதிராளி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. புரமோட்டர் கேட்ட முதல் இருவரும் மறுத்துவிட்டார்கள். மூன்றாவதாக ஓமென்றவன், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை செய்த லெஸ். பன்னிரண்டு ஏழில் சண்டை பிடித்தவன், நல்ல பலசாலி.

புரமோட்டர் மிஸ்டர் டோபினிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இந்தச் சண்டை குழம்பினால் இந்த எடைக்கு இன்னோர் ஆளைத் தேடித் தன்னால் அலையமுடியாது. பதினொன்று ஆறில் தன்னிடம் ஓர் இடம் காலியாக இருக்கிறது, யூட் அதற்கு வரவேண்டும், அல்லது வேறு புரமோட்டரைப் பார்த்துக்கொள்ளட்டும். வேறு புரமோட்டர் எங்களுக்கு இல்லை.

ஆகவே அன்று மத்தியானம் அந்த மேல்மாடி அறையில், எங்கள் வீரரின் சிறுநீரகமும் குடும்பமும் எதிராளி தராசில் ஏறுவதில்தான் தங்கியிருந்தன.

யூட் அண்ணை முதலில் ஏறினார். மிஸ்டர் க்ரீவ் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, தராசின் குண்டை விரல் நுனியால் தள்ளித் தள்ளி நிறுத்தினார். "பதினொரு ஸ்டோன், பதின்மூன்றரை இறாத்தல்." துவாய் வலது தோளுக்குப் போனது. யூட் அண்ணை இறங்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"தம்பி, இந்த முறை கருவாடில்லை. பச்சை மீன்."

அந்தப் பகிடியைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. காலையில் அவர் பாணும் முட்டையும் சாப்பிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். எடை பார்க்கும் நாளில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ரெஜினா அக்கா தராசுக்கு வராவிட்டாலும் சாப்பாட்டுக் கரியரைக் கட்டி அனுப்பியிருந்தார். அதில் புட்டு, மீன் சொதி, இரண்டு வாழைப்பழம். யூட் அண்ணை உடுப்பைப் போட்டுக்கொண்டு மூடியைத் திறக்கும் நேரம் கதவு திறந்தது. லெஸ்ஸும் அவனுடைய பயிற்சியாளரும் பிந்தி வந்து சேர்ந்தார்கள்.

லெஸ்ஸின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. உதடு வெடித்திருந்தது. அவன் உடுப்பைக் கழற்றி ஏறினான். தராசின் தண்டு மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. மிஸ்டர் க்ரீவ் குண்டை நகர்த்தினார்.

"பன்னிரண்டு ஸ்டோன், ஒன்றேகால். உங்களுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கிறது."

அதுதான் விதி. எடை கூடினால் ஒரு மணித்தியாலம். அதற்குள் குறைக்காவிட்டால் பட்டச் சண்டை இல்லை.

"ஒரு மணித்தியாலமும் வேண்டாம்," என்றான் லெஸ். "விடியத்திலிருந்து ஓடுகிறேன். என்னிடம் இனி ஒரு சொட்டும் இல்லை. வீட்டுக்குப் போகிறேன்."

அவனுடைய பயிற்சியாளர் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "இவன் வாழ்க்கையில் காய்ந்தவன் இல்லை," என்று மிஸ்டர் டோபினிடம் சொன்னார். "எனக்கும் அது தெரியாது. இலகுவான பட்டம் என்று நினைத்து வந்தோம்."

நான் யூட் அண்ணையைப் பார்த்தேன். அவர் கரியரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திறந்த மூடியைத் திரும்ப வைத்து அழுத்தி, கொளுக்கியையும் மாட்டினார். மிஸ்டர் டோபினின் சட்டம் எங்கள் ஜிம் ஆட்களுக்குத்தான், எதிராளிக்கு அது பொருந்தும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

"தம்பி, சீப்பு வைச்சிருக்கிறீரோ?" என்றார்.

"ஓம் அண்ணை. ஏன்?"

"ஒண்டேகால் ஒரு எடையே? நாங்கள் ஒரு காலமையிலை நாலு எடுத்தனாங்கள். வாரும்."

"அண்ணை, அவன் உங்களோடை சண்டை பிடிக்க வந்தவன்."

"அவன் போனா நான் பதினொண்டு ஆறுக்குப் போகவேணும். ரெஜினா கிங்ஸ்பரிக்குப் போவா. இவன் இறங்கினா ஒருத்தரும் ஒரு இடமும் போகத் தேவையில்லை. கணக்குப் படிச்சனீர்தானே?"

மிஸ்டர் டோபினுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் லெஸ்ஸை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "எங்கே சூடு இருக்கிறது?" என்று பப்காரியிடம் கேட்டார்.

கல்யாண விருந்துக்கு இறைச்சி வாட்டுவதற்காகக் கீழே குசினியில் இரண்டு பெரிய அடுப்புகளும் விடியத்திலிருந்து எரிகின்றன என்றாள் பப்காரி. மேலே அறையைக் கேட்டு நின்ற அவசரத்தில், எங்களைக் கீழே அனுப்ப அவளுக்கும் சம்மதம். டொக்டர் அம்மா லெஸ்ஸின் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தார். தானும் கூட வருவேன், நிறுத்தச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார். மிஸ்டர் க்ரீவ் மட்டும் எழும்பவில்லை. "குசினியில் நடப்பது என் தராசுக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

யூட் அண்ணையின் பையில் பழைய குப்பைப் பையும் கம்பளிச் சட்டையும் இன்னும் கிடந்தன. தேவையில்லாத நாளிலும் அதைக் கொண்டுவரும் பயம் எங்களுக்கு விட்டுப்போகவில்லை. அதை லெஸ்ஸுக்குப் போட்டோம். அடுப்புகளுக்கு நடுவில் நிறுத்திக் கயிற்றைக் கொடுத்தோம். அவன் வேகமாக அடிக்கத் தொடங்கினான்.

"மெதுவாக," என்றார் யூட் அண்ணை ஆங்கிலத்தில். "வேகமாக அடித்தால் களைப்புத்தான் வரும், வியர்வை வராது. என்னைப் பார்." அவன் முன்னால் நின்று கயிறு இல்லாமலே அதே தாளத்தில் துள்ளினார். லெஸ் அந்தத் தாளத்துக்கு வந்தான். இரவு ஒருவரையொருவர் அடிக்கப்போகிற இரண்டு பேர், இறைச்சி வாட்டுகிற வாசத்துக்கு நடுவில், முகத்துக்கு முகம் துள்ளிக்கொண்டு நின்றார்கள். சமையற்காரன் உருளைக்கிழங்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்களைச் சுற்றிச் சுற்றிப் போனான்.

முதலில் ஒன்றும் வரவில்லை. தோல் காய்ந்த தோலாகவே இருந்தது. பயந்துபோய் உடம்பு தண்ணீரை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. அவனை ஸ்டூலில் இருத்தி, மூச்சை நிதானமாக விடச்சொல்லி, கம்பளியால் தலையையும் மூடினேன். யூட் அண்ணை அவனுடைய கைகளைத் தோளிலிருந்து விரல்வரை தேய்த்துவிட்டார். கொஞ்சநேரத்தில் அவனுடைய மூக்கு நுனியில் ஒரு துளி தொங்கியது.

"வருது, வருது," என்றார் யூட் அண்ணை, ஏதோ வலையில் மீன் பட்டதைப்போல.

அதற்குப் பிறகு நான் வழித்துக்கொண்டே இருந்தேன். முதுகு, நெஞ்சு, தொடை. சீப்பின் முதுகிலிருந்து வியர்வை நிலத்தில் சொட்டியது. டொக்டர் அம்மா இரண்டு முறை நாடி பிடித்தார். லெஸ் ஒருமுறை, "ஏன் செய்கிறாய்?" என்று யூட் அண்ணையைக் கேட்டான்.

"என் மனைவிக்காக," என்றார் யூட் அண்ணை.

லெஸ்ஸுக்கு அது விளங்கியிருக்காது. மேலும் கேட்கும் சக்தியும் அவனுக்கு இல்லை.

மணித்தியாலம் முடியச் சற்று முன் மேலே ஏற்றினோம். மிஸ்டர் க்ரீவ் குண்டைப் பன்னிரண்டில் நிறுத்தினார். தண்டு எழும்பியது. முன்னைப்போல முட்டவில்லை, ஆனால் மேற்பக்கம் சாய்ந்தே நின்றது. மிஸ்டர் க்ரீவ் தலையை ஆட்டினார். "இரண்டு அவுன்ஸ் அதிகம் இருக்கும். நேரமும் முடிகிறது."

லெஸ் அன்றைய பாணியில் பின்பக்கத் தலைமயிரைத் தோள்வரை வளர்த்து வைத்திருந்தான். அது முழுக்க வியர்வையில் ஊறித் தொங்கியது. மிஸ்டர் டோபின் மருந்துப் பெட்டியிலிருந்து பண்டேஜ் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தார்.

"அது மட்டும் வேண்டாம்," என்றான் லெஸ். அந்த மத்தியானம் முழுவதும் அவன் அவ்வளவு உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. "எத்தனை வருடம் வளர்த்தது தெரியுமா?"

"மயிர் முளைக்கும் ராசா," என்றார் யூட் அண்ணை தமிழிலேயே. அவன் விளங்கினவனைப்போலக் கண்ணை மூடிக்கொண்டான். மிஸ்டர் டோபின் குழாய் வெட்டுகிறவரின் நிதானத்தோடு ஒரே பிடியாகப் பிடித்து வெட்டினார். தண்டு இறங்கி நடுவில் மிதந்தது.

"பன்னிரண்டு ஸ்டோன்," என்றார் மிஸ்டர் க்ரீவ். "சரியாக."

மிஸ்டர் டோபின் துவாயைத் தோளிலிருந்து எடுத்தார். மற்றத் தோளில் போடவில்லை. லெஸ்ஸின் தலையில் போட்டுத் துடைத்துவிட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்த ஒரே நாள் அது.

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். யூட் அண்ணையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

பிறகுதான் கரியரைத் திறந்தார். லெஸ்ஸிடம் சாப்பாடு ஒன்றும் இருக்கவில்லை. அவனுடைய பயிற்சியாளர் சான்ட்விச் வாங்கப் போயிருந்தார். யூட் அண்ணை புட்டைப் பாதியாகப் பிரித்து மூடியில் போட்டு, சொதியும் விட்டு, ஒரு வாழைப்பழத்தோடு அவனிடம் நீட்டினார்.

"இது என்ன?"

"அரிசி மா, தேங்காய். குழப்பமில்லை, தின்."

லெஸ் விரலாலேயே அள்ளித் தின்றான். மூடியை வழித்து நக்கினான். "இன்னும் இருக்கிறதா?" என்றும் கேட்டான்.

"மிச்சம் எனக்கு," என்றார் யூட் அண்ணை. "இரவு உன்னை அடிக்க எனக்கும் ஏதாவது வேண்டும்."

இரவு நகர மண்டபத்தில் பத்துச் சுற்றுகள். யூட் அண்ணை விழவில்லை. காலும் இழுக்கவில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நான் தண்ணீர் கொடுக்க, தன் காலில் நடந்து வந்து உட்கார்ந்தார். முன்பாதி முழுவதும் அவருடைய இடது கைதான் பேசியது. எட்டாம் சுற்றுக்குப் பிறகு அந்தக் கை கொஞ்சம் தாழ்ந்தது. லெஸ் நின்று பிடித்தான். கடைசிச் சுற்றில் அவன்தான் முன்னால் வந்தான்.

அந்தக் காலத்தில் இங்கே நடுவர் ஒருவர்தான் புள்ளி போடுவார். கடைசி மணி அடித்ததும் வென்றவனிடம் நேரே நடந்து போய்க் கையைத் தூக்குவார். அந்த நான்கைந்து அடி நடைதான் தீர்ப்பு. நடுவர் எங்கள் பக்கம் ஒரு அடி வைத்ததாக எனக்குத் தோன்றியது. பிறகு லெஸ்ஸிடம் போனார்.

உடுப்பு மாற்றும் அறையில் யூட் அண்ணை மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய கைக்கட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தேன். ரெஜினா அக்கா உள்ளே வந்தார். தராசுக்கு வரமாட்டேன் என்றவர் சண்டைக்கு வந்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் மேல்கோட்டையும் கழற்றாமல் இருந்திருக்கிறார். யூட் அண்ணையின் முகத்தையோ கண்ணுக்கு மேலிருந்த வீக்கத்தையோ பார்க்கவில்லை. நேரே கேட்டார்.

"ஒண்டுக்குப் போனனீங்களோ?"

"ஓம்."

"என்ன நிறம்?"

"பச்சைத் தண்ணி மாதிரி."

"என்னைப் பாத்துச் சொல்லுங்கோ."

"உண்மையா ரெஜினா. வேணுமெண்டா தம்பியைக் கேள், அவனும் வந்து எட்டிப் பாத்தவன்."

"ஓம் அக்கா," என்றேன். "நான் பாத்தனான்."

ரெஜினா அக்கா வாங்கில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. மூலையில் நின்று ஸ்பொஞ்சைக் கழுவிக்கொண்டிருந்த மிஸ்டர் டோபின், என்ன என்று என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். துவாய் வலது தோளுக்குப் போனது.

பிறகு புரமோட்டரும் வந்தார். பட்டம் ஒன்று உண்டாகிவிட்டால் அதற்குச் சவால்விட ஒருவன் வேண்டும். இவ்வளவு நெருக்கமாகத் தோற்றவனைவிட அதற்கு வேறு ஆளில்லை. மறு சண்டை, பன்னிரண்டு ஸ்டோனில் என்றார். பதினொன்று ஆறைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. அவருக்குப் பின்னால் லெஸ் கட்டைத் தலையோடு நின்று, அந்த அரிசிச் சாப்பாட்டின் பெயரை எழுதித் தரும்படி ரெஜினா அக்காவைக் கேட்டான்.

மறு சண்டையில் யூட் அண்ணை வென்றார். அதற்குள் பெல்ட்டும் செய்து வந்துவிட்டது. மற்ற ஜிம்களில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த எடைக்கு வந்தார்கள். பாதிச் சம்பியன் என்ற பகிடியும் மறைந்தது. பிறகு எடை பார்ப்பதையே சண்டைக்கு முதல்நாளுக்கு மாற்றினார்கள். யூட் அண்ணைக்குக் காயவேண்டிய தேவை இல்லாததால் நான் வைத்திருந்த சீப்பு தலை வாருவதற்கு மட்டும் உதவியது. யூட் அண்ணை இப்போது மிச்சத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டு ஸ்டோனைத் தாண்டி எவ்வளவோ காலம். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், ஒரு குறையும் இல்லை.

இதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது கையுறை போடுகிறவன் கேட்டான். "எதிராளிக்கு ஏன் அங்கிள் ஹெல்ப் பண்ணினீங்கள்? அவன் வெண்டிட்டான்தானே. உங்களுக்கு லொஸ் இல்லையோ?"

இருந்தது என்றேன். யூட் அண்ணை சாப்பிட்டுப் படுத்திருக்கவேண்டிய ஒரு மணித்தியாலத்தை அடுப்புக்கு முன்னால் துள்ளிச் செலவழித்தார். சாப்பாட்டிலும் பாதியைக் கொடுத்தார். எட்டாம் சுற்றில் அவருடைய இடது கை தாழ்ந்தது அதனால்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன். நடுவரின் அட்டையை மிஸ்டர் டோபின் என்னிடம் காட்டினார். லெஸ்ஸுக்குத் தொண்ணூற்றெட்டரை. யூட் அண்ணைக்குத் தொண்ணூற்றெட்டு. சிறுநீரகம் தப்பியது, ரெஜினா அக்கா மிச்சத்திலேயே இருந்தார், பன்னிரண்டு ஸ்டோனுக்கு ஒரு பட்டம் வந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு அரைப் புள்ளி.